அக்கா சேர்த்த முடி

என் தலைமுடியைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. எலிவால் என்றார்கள், சோளக்கதிர்க் குஞ்சம் என்றார்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் கொட்டிய முடி பிறகு சரியாக முளைக்கவே இல்லை. என் அக்காவுக்கு நேர் எதிர். அவள் கொண்டையை அவிழ்த்து உதறினால் முழங்காலைத் தொடும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டுவதற்கு முன்னால் அவள் அந்த முடியைச் சுருட்டிக் கட்டுவதை, காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்குக் கொடுக்க வந்து நிற்கிற பெண்கள் எல்லோரும் வயிற்றெரிச்சலோடு பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். எனக்கு அதில் பெருமையும் உண்டு, பொறாமையும் உண்டு. இப்போது எதற்கு மறைக்க வேண்டும்?

ஐம்பதுகளின் கடைசி அது. ராகலையிலிருந்து உடப்புசல்லாவைப் பக்கம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா அப்போதே இல்லை. அப்பா தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினார், அக்கா கொழுந்து எடுத்தாள், நான் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தேன். கொழுந்து எடுக்க மலைக்குப் போகிற தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வட்டவளைப் பக்கத்திலிருந்து மாமன் மகன் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அப்பாவிடம் பெண் கேட்டார். கேட்டது என்னை.

"மூத்தவ கழுத்து வெறுமையா கெடக்க எளையவளுக்குத் தாலியா? ஊரு சிரிக்கும். கட்டுறதுன்னா பெரியவளக் கட்டு" என்றார் அப்பா.

அவர் மறு பேச்சுப் பேசாமல் அக்காவைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று பந்தலில் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "சின்னதக் கேட்டவனுக்குப் பெருசு கெடச்சா லாபந்தானப்பா!" என்று யாரோ சத்தம் போட, மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். மச்சான் முறைக்காரரைக் கேலி செய்யாவிட்டால் அப்புறம் எதற்குக் கொழுந்தியாளாகப் பிறப்பது?

அவருக்குத் துரை பங்களாவில் தோட்டக்கார வேலை. பங்களாவுக்கு ஏறுகிற சரளைக்கல் பாதையில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது என்பது துரையின் கட்டளை. அதற்கென்று தகரத்தில் ஒரு மருந்து வரும். அதைத் தண்ணீரில் கரைத்துப் பாதை நெடுக ஊற்றுவது மச்சான் வேலை. மழை கொட்டி மலையெல்லாம் பச்சைப் பிடித்துக் கிடக்கும்போதுகூட அந்தப் பாதை மட்டும் சுடுகாடு மாதிரி வெறிச்சென்று இருக்கும். துரையின் நாய் ஒன்று அதில் தேங்கிய தண்ணீரை நக்கிவிட்டுச் செத்தது. அதன் பிறகு தகரத்தைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள். பூட்டினார்கள், சாவி மச்சானிடம் இருந்தது.

வீட்டில் அவரைப் போல நல்லவர் கிடையாது என்றுதான் லயமே பேசியது. விடிகாலையில் அவரே எழுந்து அடுப்பு மூட்டுவார். இஞ்சியை நன்றாகத் தட்டிப் போட்டுச் சாயம் கறுக்கக் கறுக்கத் தேத்தண்ணி ஊற்றி அக்கா கையில் கொடுப்பார். அந்த இஞ்சி வாசனை, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை என்று லயத்தில் இருந்த எட்டுக் காம்பராவுக்கும் வரும். பக்கத்துக் காம்பரா மதினி தன் புருஷனை இடித்துக் காட்டுவாள்: "பாரு, ஆம்பளன்னா அவரு. நீயும் இருக்கியே, குடிச்ச கோப்பயக் கழுவக்கூட வக்கில்லாம."

கெட்டது வரும்போது கதவை உடைத்துக்கொண்டு வரும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் போன பிறகு அக்காவுக்கு வயிற்றுக் கோளாறு தொடங்கியது. வாந்தி, பேதி, நின்றுவிடும், மறுபடி வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிகிறது என்பாள். தோலில் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. மலைக்குப் போனவள் பாதியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளை மருந்து கொடுத்தார்கள். பூசாரி யாரோ செய்வினை வைத்திருப்பதாகச் சொல்லிக் கயிறு கட்டினார். மச்சான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். காலைத் தேத்தண்ணியை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

அப்புறம் முடி கொட்டத் தொடங்கியது. சீப்பை வைத்து இழுத்தால் பிடி பிடியாக வரும். வேறொருத்தியாக இருந்தால் ஒப்பாரி வைத்திருப்பாள். அக்கா அதையெல்லாம் சிக்கெடுத்துச் சுருட்டி, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடுக்கில் செருகி வைப்பாள். நான் பார்க்கப் போகும்போது எடுத்துக் காட்டுவாள்.

"ஒனக்குத்தான்டி சேக்குறேன். ஒன் எலிவாலுக்கு ஒரு சவுரி. எவனாவது ஒன்னக் கட்ட வந்தா பின்னாடியாவது பாக்க லச்சணமா இருக்க வேணாமா?"

"ஒம் முடியெல்லாம் எனக்குக் குடுத்துட்டு நீ மொட்டையா நிக்கப் போறியா?"

"எனக்கென்னடி, எனக்கு மொளைக்கும்" என்றாள்.

படுக்கையில் கிடந்தபடியே அவள் அந்த முடியை நீளவாக்கில் அடுக்கி, தலைப்பில் கறுப்பு நூல் சுற்றி இறுக்கி, நல்ல சவுரியாக ஒன்று கட்டி முடித்தாள். அடுத்த மழைக்காலம் வருமுன் செத்துப்போனாள். பிரேதத்தைக் குளிப்பாட்டித் தலைவாரப் போன பெண்கள் வாருவதற்கு முடி இல்லாமல் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். வயிற்று வியாதி என்று எழுதினார்கள். தேயிலை மலைக்குக் கீழே, ஆற்றோரச் சரிவில் புதைத்தோம். மச்சான் குழிமேட்டில் விழுந்து புரண்டு அழுததைக் கண்டு கங்காணிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வருஷம் திரும்புவதற்குள் பேச்சு என் பக்கம் வந்தது. அக்காள் செத்தால் தங்கச்சியைக் கட்டி வைப்பது எங்களுக்குள் வழக்கம். அறியாதவன் கையில் கொடுப்பதற்கு அறிந்தவன் கையில் கொடுக்கலாம் என்றார்கள். அப்பாவும் சரி என்றார். எனக்கும் மறுப்பு இல்லை. அவர் நல்லவர் என்று லயமே சொல்லும்போது நான் எந்த வாயால் மறுப்பது? அக்கா கட்டிய சவுரியை வைத்துத்தான் எனக்குத் தலை பின்னிக் கல்யாணம் நடந்தது. பெண்கள் அதைத் தடவிப் பார்த்து, "பெரியவளே கூட வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்று கண் கலங்கினார்கள்.

எனக்கும் காலையில் தேத்தண்ணி வந்தது. ஆனால் வெறும் தேத்தண்ணி. நான் ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன்.

"அக்காவுக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்டீங்க. எனக்குன்னா வெறும் சாயமா மச்சான்?"

அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு சிரித்து, "ஒனக்கு எதுக்குப் புள்ள இஞ்சி? ஒனக்கு இதான் நல்லது" என்றார்.

அக்காவுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

கல்யாணமாகி ஒரு மழைக்காலம் போனது. எனக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை, மேல்மூச்சு வாங்கியது, பிள்ளை மடுவத்தில் குழந்தையைத் தூக்கினால் கண் இருட்டியது. ஒரு நாள் காய்ச்சலோடு விழுந்துவிட்டேன். ஆட்களைக் கூப்பிட்டு, கம்பளியில் ஏணை கட்டித் தூக்க ஏற்பாடு செய்தார்கள். அப்போது பக்கத்துக் காம்பரா மதினி குறுக்கே வந்து நின்றாளாம். "ஆசுப்பத்திரிக்குப் போற பொம்பள தலவிரிகோலமாப் போகக்கூடாது. எழவு வீட்டு லச்சணம் அது" என்று சொல்லி, நினைவில்லாமல் கிடந்த என் தலையை வாரி, சவுரி வைத்து இறுக்கிப் பின்னி அனுப்பினாள். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு அவர் டாக்டரையா. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதாகப் பிறகு மதினி சொன்னாள். அதே காம்பரா, அதே புருஷன், அக்காவுக்கு வந்த அதே வயிற்று நோவு. அவர் என்னிடமோ அப்பாவிடமோ ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் கொதித்த அந்த முதல் நாளே, என் சடையின் நுனியில் கொஞ்சம் கத்தரித்து, உறையில் போட்டு, டவுனிலிருந்து போலீசைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டார். அது கொழும்புக்குப் போனது. உடம்புக்குள் போகிற சில நஞ்சுகள் முடியில் தங்கிவிடுமாம். அதைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

காய்ச்சல் இறங்கிய பிறகும் அவர் என்னை வீட்டுக்கு விடவில்லை. மச்சான் கொண்டுவந்த சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கஞ்சியை எனக்குக் கொடுத்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் போலீஸ் ஜீப் வந்து பங்களாப் பாதையில் வைத்தே மச்சானை ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் டாக்டரையா என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, பயப்பிடாதையும். உம்மட தலைமயிரிலை பாஷாணம் இருக்கெண்டு கொழும்பாலை அறிவிச்சிருக்கினம். பங்களாப் பாதைக்கு ஊத்துற மருந்திலை உள்ள அதே சாமான்."

யாழ்ப்பாணத்தார் கூசாமல் தலைமயிர் என்பார்கள். எங்கள் லயத்தில் அது வசவு. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அப்போது கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். காலை தவறாமல் என் கைக்கு வந்த கோப்பைகள் எல்லாம் கண் முன்னே வரிசையாக நின்றன. அவர் கையாலா? எனக்கா? எதற்கு? நான் ஆசையாகத்தானே வாங்கிக் குடித்தேன்!

கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டேன். "எந்த முடிய வெட்டி அனுப்புனீங்க டாக்டரையா?"

"சடை நுனியிலைதான். நீர் நினைவில்லாமல் கிடந்தனீர். ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை தலையைத் தொட்டு வெட்டிறது சரியில்லை எண்டு..."

நல்ல மனுஷர். அந்தக் கூச்சம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. தலையணைக்கு அடியில் மதினி கழற்றி வைத்திருந்த சவுரியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். நுனி ஒரு பக்கம் கத்தரி பட்டுக் கோணலாக இருந்தது.

"நீங்க வெட்டுனது இது. இது என் முடி இல்ல. செத்துப்போன எங்க அக்கா முடி."

அவர் அந்தச் சவுரியை வாங்கவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுவரோடு நின்றார். இரண்டு பேரும் ஒன்றையே நினைத்தோம் என்று நினைக்கிறேன். நான் என் தலையைக் குனிந்து காட்டினேன்.

"இப்ப வேர்லேர்ந்து வெட்டுங்க. கூச்சப்படாம வெட்டுங்க."

அதுவும் கொழும்புக்குப் போனது. என் முடியில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. என் வயிற்றில் இருந்தது கொக்கிப்புழு. செருப்பில்லாமல் மலையில் நடக்கிற எல்லோருக்கும் வருவது. மருந்து குடித்ததும் தேறிவிட்டேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "மாரியாத்தா, என் மருமகன் நல்லவன்னு காட்டிட்ட" என்றார். அக்கா முடியில் இருந்ததைப் பற்றிக் கேட்டபோது, "அந்த மருந்து வந்த காலித் தகரம் எதுலயாச்சும் தலைக்குக் குளிக்கத் தண்ணி காய வச்சிருப்பா. பாவி மக, அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். டாக்டரையாவும் அதை மறுக்கவில்லை. முடியில் நஞ்சு இருக்கிறது என்றுதான் சோதனை சொல்லுமாம். வெளியே பட்டு ஏறியதா, உள்ளே போய் ஏறியதா என்று முடி மட்டும் சொல்லாதாம். குழியைத் தோண்டிப் பார்க்கக் கோர்ட்டு உத்தரவு வேண்டும், அது வரைக்கும் சவுரி யாருடையது என்று வெளியில் மூச்சு விடாதே என்று இன்ஸ்பெக்டர் எனக்கும் அப்பாவுக்கும் சொல்லிவிட்டுப் போனார். என்னைக் கொல்லப் பார்த்ததாகத்தான் மச்சானைப் பிடித்திருந்தார்கள். என் முடி சுத்தம் என்றதும் விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்த நல்ல சேதி நிம்மதி தரவில்லை. எனக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு இஞ்சி போடவில்லை. முதலில் பெண் கேட்டது என்னை. கல்யாணப் பந்தலில் சொல்லிச் சிரித்த அந்தக் கேலியை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து மறுபடி மறுபடி கேட்டேன். இல்லை, அப்பா சொல்வதுதான் சரி, தகரத்துத் தண்ணீர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிஷமே அது நிற்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அப்பாவின் காம்பராவுக்குப் போனேன். உடம்பு தேறட்டும் என்று சாக்குச் சொன்னேன். விடுதலையாகி வந்த அன்று சாயங்காலமே அவர் பார்க்க வந்தார். இளைத்திருந்தார். காம்பராவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒந் தலையில ஒண்ணுமில்லன்னு கொழும்புலயே சொல்லிட்டாங்க. பாத்தியா? மொதல்ல வெட்டுனது சவுரியாம்ல?"

"ஆமா."

"அது யாரு முடின்னு கேட்டாங்களா?"

நான் முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "யாரும் கேக்கல மச்சான். நானும் சொல்லல. கடையில வாங்குனதுன்னு நெனச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி புள்ள. நீ ஒண்ணும் சொல்லிக்காத. செத்தவளப் பத்தி எதுக்குப் பேச்சு?" என்று எழுந்து போனார்.

மறுநாள் அப்பா பெரட்டுக்குப் போன பிறகு, பனி கலையாத நேரத்தில், செம்பை மூடி எடுத்துக்கொண்டு அவர் படியேறி வந்தார். நான் வாசலில் நின்றேன். அப்பாவின் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்து, "அப்பன் வீட்டுக்கே தேத்தண்ணி வருதா? குடுத்து வச்சவ" என்று சிரித்துவிட்டுக் கூடையோடு போனாள். அவர் கோப்பையில் ஊற்றினார். ஆவி என் முகத்தில் அடித்தது.

இஞ்சி வாசனை.

"ஆறிடும், குடி புள்ள" என்றார். குரலில் அன்பு குறையவில்லை. அதைத்தான் என்னால் இன்று வரை யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. அக்காவுக்கும் இதே குரலில்தான் சொல்லியிருப்பான். கூப்பிடு தூரத்தில்கூட ஆள் இல்லை. இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினேன்.

"வெறும் வயித்துல குடிச்சா கொமட்டுது மச்சான். ஒரு ரொட்டி சுட்டுச் சேத்துக் குடிச்சுக்கிறேன். செம்பையும் வச்சிட்டுப் போங்க. ஒங்களுக்குப் பங்களாவுக்கு நேரமாச்சு."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். "எல்லாத்தையும் குடிச்சிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நான் கோப்பையை வாயருகே வைத்துக்கொண்டு நின்றேன். தலை மறைந்ததும் கோப்பையில் இருந்ததைச் செம்பிலேயே ஊற்றி, துணியால் வாயைக் கட்டி, குறுக்குப் பாதையில் விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவ்வளவு கவனமாக வாழ்க்கையில் நான் எதையும் தூக்கிக்கொண்டு போனதில்லை.

அந்தச் செம்பில் இருந்தது என்ன என்று கொழும்புக்காரர்கள் சொல்ல அதிக நாள் பிடிக்கவில்லை. பங்களாப் பாதைக்கு ஊற்றுகிற மருந்து. அதன் பிறகு குழியைத் தோண்டினார்கள். எலும்பிலும் நகத்திலும் அதே நஞ்சு இருந்தது. அவனைக் கண்டிக்குக் கொண்டுபோய் வழக்கு நடத்தினார்கள். அவன் திரும்பி வரவில்லை. அப்பா அதற்குப் பிறகு யார் வீட்டுக் கல்யாணப் பேச்சிலும் வாய் திறந்ததில்லை.

வழக்கு முடிந்த பிறகு அந்தச் சவுரியைத் திருப்பிக் கேட்டு டவுனுக்குப் போனேன். அது கோர்ட்டுச் சாமான், தர முடியாது என்றார்கள். தலையில் என் எலிவாலோடு பஸ் ஏறி வந்தேன். ராகலையில் பஸ் நின்றபோது, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண், யார் செத்தது என்று கேட்டாள். எங்க அக்கா என்றேன். அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: "பாத்தியாடி, ஒன் எலிவால் எதுக்காச்சும் ஒதவுச்சா? கடைசில எம் முடிதான்டி ஒன்னக் காப்பாத்துச்சு."